லிண்டமன் சொல்லாத பத்து சதவீதம்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் உயிரியல் புத்தகத்தோடு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. சூழ்மண்டலம் பாடம். "அண்ணா, இந்தப் பத்து சதவீத விதி இருக்குல்ல, அது ஏன் சரியா பத்து? எட்டு, பன்னிரண்டெல்லாம் ஏன் இல்லை?"

நான் யோசிக்காமலே பதில் சொன்னேன். ஓர் உயிர் தின்றதில் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாகப் போய்விடும், கொஞ்சம் கழிவாகப் போகும், மிச்சம்தான் உடம்பில் சேரும், அதைத்தான் அடுத்த விலங்கு தின்ன முடியும் என்று.

"அது ஏன் குறையுதுங்கிறதுக்குப் பதில். ஏன் பத்துங்கிறதுக்கு இல்லையே."

அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. கல்லூரி நாட்களில் மூன்று வருஷம் ட்யூஷன் எடுத்தவன் நான். இதே விதியைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே 'லிண்டமன், 1942' என்று போட்டு அடிக்கோடும் இழுத்திருக்கிறேன். அந்தக் கட்டுரையை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. சரி, இப்போதாவது படிப்போம் என்று உட்கார்ந்தேன். மொத்தம் 19 பக்கம். அதில் பத்து சதவீத விதி இல்லை.

விதி என்ற பெயரில் இல்லை, சரி. ஒரு அனுமானமாகக்கூட இல்லை. ஊட்ட மட்டம் ஒவ்வொன்றிலும் ஒரே விகிதம் கடத்தப்படுகிறது என்ற எண்ணமே அதில் இல்லை. கட்டுரை வந்து சேரும் முடிவு கிட்டத்தட்ட நேர் எதிரானது: மேலே போகப் போக, உயிர்கள் தங்கள் உணவைப் பயன்படுத்தும் திறன் கூடிக்கொண்டே போகிறது என்கிறார் லிண்டமன். நாம் எண்பது வருஷமாக அவர் பெயரில் வேறு எதையோ சொல்லிக்கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

கட்டுரை பிறந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் காணாமல் போன முதல் விஷயம் அந்த இடம்தான். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம். மினியாபோலிஸுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் சீடர் பாக் லேக் என்று ஒரு நீர்நிலை. ஏரி என்று பெயர்தானே தவிர ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். தூர்ந்து சதுப்பாக மாறிக்கொண்டிருந்த கிழட்டு ஏரி. குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடிவிடும், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த மூச்சுமுட்டலில் எந்தெந்தப் புழு பூச்சி தாக்குப்பிடிக்கும் என்று தனியாகவே ஒரு சோதனை செய்து, அதையும் ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார் மனுஷன்.

ரேமண்ட் லிண்டமன் அப்போது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். ஐந்து வருஷம் அந்த ஏரியில் வேலை. அடிச்சேற்றை அள்ளிச் சலித்து, அதிலிருக்கும் புழுக்களை எண்ணி எடைபோடுவது. தண்ணீரை வடிகட்டி மிதவை உயிரிகளை எண்ணுவது. நீர்த்தாவரம், பாசி, மீன் எல்லாவற்றுக்கும் கணக்கு. மனைவி எலனோரும் களப்பணியில் கூடவே உழைத்தார். மீன்தொட்டிக் கடைகளில் 'பிளட் வார்ம்' என்று விற்கிறார்களே சிவப்புப் புழு, அந்த இனத்துப் புழுக்கள்தான் இந்த மாதிரி ஏரிச் சேற்றின் முக்கியக் குடிமக்கள். இன்றைக்கு உலகமெங்கும் பரீட்சைத்தாளில் எழுதப்படும் ஒரு கருத்து, இப்படிச் சேறு சலித்ததிலிருந்து வந்தது.

இத்தனை எண்ணியதை வைத்து என்ன செய்வது? அதுவரைக்கும் ஏரி ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் பட்டியல்தான். இன்ன ஏரியில் இன்ன உயிரினங்கள், இத்தனை எண்ணிக்கை, இந்த மாதத்தில் கூடும், அந்த மாதத்தில் குறையும். லிண்டமன் எல்லாவற்றையும் ஒரே அளவைக்கு மாற்றினார்: ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரு வருஷத்தில், எத்தனை கலோரி. பாசியும் புழுவும் மீனும் ஒரே நாணயத்தில் பேச ஆரம்பித்தன. உணவு தயாரிப்பவை ஒரு மட்டம், அதைத் தின்பவை அடுத்த மட்டம், அவற்றைத் தின்பவை அதற்கும் அடுத்தது என்று பிரித்து, ஒரு மட்டத்தின் உற்பத்தியைக் கீழ்மட்டத்தின் உற்பத்தியால் வகுத்தார். 1935-இல் டான்ஸ்லி உருவாக்கிய 'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லுக்கு அளந்து பார்க்கும்படியான ஒரு உருவம் கிடைத்தது இப்படித்தான். இந்தக் கட்டுரையின் பெருமை இந்த வகுத்தலில் இருக்கிறது. விடையாக வந்த எண்ணில் இல்லை.

சரி, எண்கள் என்ன? சீடர் பாக் ஏரியில் சூரிய ஒளியிலிருந்து தாவரங்கள் பிடித்தது 0.10 சதவீதம். தாவரத்திலிருந்து தாவர உண்ணிகளுக்கு 13.3. அங்கிருந்து அடுத்த மட்டத்துக்கு 22.3. ஒப்பிட்டுப் பார்க்க விஸ்கான்சினில் உள்ள மெண்டோட்டா ஏரியின் கணக்கையும் எடுத்துக்கொள்கிறார். அங்கே 0.40, 8.7, 5.5, 13.0. ஆக ஏழு எண்கள். முதல் இரண்டு மட்டம் வேறு கதை, அவை சூரிய ஒளிக்கும் செடிக்கும் இடைப்பட்டவை. மிச்சம் ஐந்தில் ஒன்றுகூடப் பத்து இல்லை. மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் நான்கு மடங்கு வித்தியாசம்.

இதை முதல்தடவை பார்த்தபோது பாடப்புத்தகத்தின் மேல்தான் கோபம் வந்தது. ஆனால் கட்டுரையை இரண்டாம் முறை படித்தபோது, லிண்டமனையும் சும்மா விட முடியாது என்று தோன்றியது. 'மேலே போகப் போகத் திறன் கூடுகிறது' என்கிறார். சீடர் பாக்கில் கூடுகிறது, வாஸ்தவம். மெண்டோட்டாவில் 8.7-லிருந்து 5.5-க்கு இறங்கி, பிறகு 13-க்கு ஏறுகிறது. இரண்டே ஏரி, அதில் ஒன்று முரண்டு பிடிக்கிறது. இதை வைத்து ஒரு பொதுப்போக்கைச் சொல்வது துணிச்சல்தான். போதாததற்கு, எண்ணியது எண்ணியபடி அட்டவணைக்குப் போகவில்லை. அதோடு சுவாசத்தில் போனது, மற்றவை தின்றது, செத்து மட்கியது என்று சேர்க்க வேண்டியிருந்தது. அந்தத் திருத்தங்களில் சில வேறு ஆய்வகங்களில், வேறு உயிர்களில் அளந்தவை. ஒவ்வொன்றும் நியாயமான ஊகம்தான். ஆனால் ஊகத்தின் மேல் ஊகம் வைத்துக் கட்டிய கட்டடத்தில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை.

எனக்கு முன்னாலேயே இப்படி நினைத்தவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை 1941-இல் 'எக்காலஜி' ஆய்விதழுக்குப் போனபோது மதிப்பிட்டவர்கள் இருவர்: சான்ஸி ஜூடே, பால் வெல்ச். அன்றைய அமெரிக்க ஏரியியலின் பெரிய தலைகள். இருவருமே வேண்டாம் என்றார்கள். கோட்பாடு அதிகம், தரவு குறைவு. ஏரிக்கு ஏரி வேறுபடும், இத்தனை சின்ன ஆதாரத்தில் எல்லா ஏரிக்கும் பொருந்தும்படி பேசுவது அவசரம் என்பது அவர்கள் கட்சி. லிண்டமன் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் ஹட்சின்சனிடம் போய்ச் சேர்ந்திருந்தார். ஹட்சின்சன் ஆசிரியருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். ஆசிரியர் தாமஸ் பார்க், இரண்டு மதிப்பீட்டாளர்களின் பேச்சையும் மீறி ஏற்றுக்கொண்டார். 1942 அக்டோபரில் கட்டுரை அச்சில் வந்தபோது லிண்டமன் உயிரோடு இல்லை. நீண்டகால நோய். அந்த ஜூன் 29-ஆம் தேதி இறந்துபோனார். இன்னும் ஒரு மாதம்கூட இருந்திருந்தால் 27 வயது நிறைந்திருக்கும். கட்டுரையின் கடைசியில் ஹட்சின்சன் எழுதிய பின்குறிப்பில்தான் வாசகர்களுக்கு அந்தச் செய்தி.

இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். இளம் மேதை, அவரைப் புரிந்துகொள்ளாத கிழவர்கள், காப்பாற்றிய குரு. ராபர்ட் குக் 1977-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த மதிப்பீட்டுக் கடிதங்களின் கதையை வெளியில் கொண்டுவந்த பிறகு, ஜூடேவுக்குக் கிட்டத்தட்ட வில்லன் வேஷமே போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. லிண்டமன் ஒப்பீட்டுக்கு எடுத்த மெண்டோட்டா கணக்கு யாருடையது தெரியுமா? அதே ஜூடேவுடையது. ஏரி ஒன்றின் வருடாந்தர ஆற்றல் வரவு செலவைப் போட்டு 1940-இல் அவர் வெளியிட்டது. அந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை ஓட்டை, எத்தனை ஒட்டுப்போடல் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? தன் சொந்த அளவைகளின் பலவீனம் தெரிந்த ஒருவர், 'இதை வைத்து இவ்வளவு தூரம் போகாதே' என்று சொன்னார். அதைப் பொறாமை என்றோ குறுகிய பார்வை என்றோ தள்ளுவது நியாயமாகப் படவில்லை.

பார்க் செய்தது சரி, கட்டுரை வெளிவந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஜூடேவின் பயமும் சரியான பயம். இரண்டு ஏரியை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிடக் கூடாதே என்பது அந்தப் பயம். கடைசியில் அது நடந்தே விட்டது. லிண்டமன் அதைச் செய்யவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பாடப்புத்தகங்களும், அதைப் பலகையில் எழுதிய என்னைப்போன்றவர்களும் செய்தோம்.

அப்படியென்றால் இந்தப் பத்து எங்கிருந்து வந்தது? ஹட்சின்சனின் இன்னொரு மாணவர் லாரன்ஸ் ஸ்லோபாட்கின், டாஃப்னியா எனும் நீர்த்தெள்ளுகளை ஆய்வகத்தில் வளர்த்துச் சோதனைகள் செய்தார். அதில் பத்தை ஒட்டிய மதிப்புகள் வந்தன. அந்த எண் பரவியதில் அந்த வேலைக்குப் பங்கு உண்டு. பிறகு 1995-இல் டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் 'நேச்சர்' இதழில், நீர்ச் சூழ்மண்டலங்களுக்காகப் போடப்பட்ட 48 கணித மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரி கிட்டத்தட்ட பத்து. ஆக, பத்து என்பது கட்டுக்கதை இல்லை. கடலில், ஏரியில் இவ்வளவு மீன் வளர எவ்வளவு பாசி தேவை என்று குத்துமதிப்பாகப் போட அது உதவும். ஆனால் அது ஒரு சராசரி. ஊரில் சராசரி வீட்டு வாடகை இவ்வளவு என்று தெரிந்தால், உங்கள் வாடகை தெரிந்துவிடுமா?

சராசரிக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு நீரூற்று போதும். ஃபுளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ். ஹட்சின்சனின் மற்றொரு மாணவர் ஹோவார்ட் ஓடம் அங்கே செய்த ஆய்வு 1957-இல் வந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருஷத்தில் தாவரங்கள் பிடித்த மொத்த ஆற்றல் 20,810 கிலோகலோரி. தாவர உண்ணிகளுக்குப் போனது 3,368. அவற்றைத் தின்பவைக்கு 383. உச்சியிலிருந்த மீன்களுக்கு 21. வகுத்துப் பாருங்கள்: சுமார் 16, 11, 5.5. மேலே போகப் போகக் குறைகிறது. லிண்டமன் சொன்ன போக்குக்கு நேர் எதிர்.

இன்னொன்றும் கவனியுங்கள். தாவரங்கள் தங்கள் சுவாசத்துக்குச் செலவழித்தது போக மிச்சம் 8,833. அதால் வகுத்தால் முதல் படியின் 16 சதவீதம் 38 ஆகிவிடுகிறது. அதே ஊற்று, அதே செடி, அதே நத்தை. எதை எதால் வகுக்கிறோம் என்பதை மாற்றினோம், அவ்வளவுதான். பத்து சதவீதம் என்று சொல்லும் பாடம், எதில் பத்து என்று சொல்கிறதா? தின்றதிலா, செரித்ததிலா, உடம்பில் சேர்ந்ததிலா? மூன்றும் மூன்று கணக்கு. பறவையும் பாலூட்டியும் செரித்ததில் ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று சதவீதம்தான் உடம்பாக மாற்றும். மிச்சமெல்லாம் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே போய்விடும். மீனுக்கு அந்தச் செலவு இல்லை, பத்தை ஒட்டி வரும். பூச்சிகள் பலவற்றுக்கு அதைவிட நிறைய. புத்தகத்தில் வெட்டுக்கிளிக்கும் கழுகுக்கும் ஒரே பத்து.

எனக்குப் பெரிய வருத்தம் எண்ணைப் பற்றியதுகூட இல்லை. லிண்டமனின் கட்டுரையில் ஏரியின் உணவு வலையைக் காட்டும் ஒரு படம் இருக்கிறது. அதன் நட்டநடுவில் எது இருக்கிறது தெரியுமா? சேறு. செத்த பாசி, இலை, புழு, மலம் எல்லாம் மட்கி, பாக்டீரியா மண்டிய அடிச்சேறு. எல்லா அம்புக்குறியும் அதற்குள் போகிறது, அதிலிருந்து வெளியே வருகிறது. ஓடத்தின் கணக்கிலும் மட்கச்செய்யும் உயிர்களுக்குப் போனது 5,060. தாவர உண்ணிகளுக்குப் போனதைவிட அதிகம். நம் பாடத்திலோ புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று ஒரு ஏணி. சேறு ஏணிக்குக் கீழே எங்கேயோ ஒரு பெட்டிக்குள். இந்த இடத்தில் லிண்டமனும் முழுத்தப்பு செய்யாதவர் இல்லை. படத்தின் நடுவில் சேற்றை வைத்தவர், திறன் அட்டவணையில் அந்தச் சேற்றின் பாக்டீரியாக்களுக்கு ஒரு வரிசை தரவில்லை. அவருடைய படம் அவருடைய அட்டவணையைவிட நேர்மையானது.

நம்ம ஊர் ஏரியில் இறங்கினால் இந்த ஏணி எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்று தெரியும். மீன் வளர்ப்பவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விடுவார்கள். கட்லா மேல்தண்ணீரில் மிதவை உயிரிகளை மேயும். மிர்கால் அடியில் மட்கைத் தின்னும். புல்–வெட்டுக்கிளி ஏணியில் மிர்காலுக்கு எந்தப் படி? ஜிலேபிக் கெண்டை பாசி தின்னும், மட்கும் தின்னும், கிடைத்தால் பூச்சியையும் மற்ற மீனின் முட்டையையும் விடாது. அதற்கு? விரால் குஞ்சாக இருக்கும்போது மிதவை உயிரிகளைத் தின்று, வளர்ந்ததும் மீனையும் தவளையையும் பிடிக்கும். தவளையோ தலைப்பிரட்டையாக இருந்தபோது பாசி மேய்ந்தது. ஒரே உயிர், வாழ்நாளில் இரண்டு மூன்று படி ஏறுகிறது. ஊட்ட மட்டம் என்ற கருத்தையே கேள்வி கேட்டு 1960-களிலிருந்து சூழலியலாளர்கள் எழுதிக்கொண்டிருப்பது இதனால்தான். மீன் வளர்ப்பவருக்கு இது தத்துவம் இல்லை, வருமானம். அடியில் மட்கைத் தின்ன மீன் விடாத குளத்தில் அந்தச் சேற்றின் சத்து மீனாக மாறாது.

பாடப்புத்தகம் எல்லாவற்றையும் சொல்ல முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு எளிமையாகத்தான் சொல்லியாக வேண்டும். ஆனால் எளிமைப்படுத்துவது வேறு, ஒருவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவது வேறு. 'சராசரியாகப் பத்தை ஒட்டி வரும், இடத்துக்கு இடம் நிறைய மாறும். இதை அளக்க முதலில் வழி காட்டியவர் லிண்டமன்' என்று எழுதினால் இரண்டு வரிதான். எளிமையும் கெடவில்லை, பொய்யும் இல்லை. அப்படி எழுதாததற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை பரீட்சைதான். தாவரத்தில் 10,000 ஜூல், பாம்பில் எவ்வளவு என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு சைபர், ஒரு சைபராக அழித்துக்கொண்டே போவார்கள். பதில் திருத்த சுலபம். 13.3 போட்டால் கால்குலேட்டர் வேண்டும். இடத்துக்கு இடம் மாறும் என்றால் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேள்வியே கேட்க முடியாது.

விதி என்று சொல்லிவிட்டால் கேள்வி நின்றுவிடுகிறது என்பதுதான் இதில் நஷ்டம். ஏன் பத்து என்று கேட்டவளுக்கு, 'அது விதி' என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லாமல் போனது அதனால்தான். ஐந்து வருஷம் சேற்றைச் சலித்த ஒருவரின் பெயரை வைத்து, யாரும் இனிமேல் சேற்றில் இறங்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பரீட்சையில் பத்துன்னே எழுதிடு, மார்க் முக்கியம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஏழு எண்களையும் இரண்டு வரிசையாக எழுதிக் கொடுத்தேன். மேலே சீடர் பாக், கீழே மெண்டோட்டா. லிண்டமனின் முடிவையும் சொன்னேன்: மேலே போகப் போகக் கூடும்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 5.5-க்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, "அப்போ இது ஏன் இறங்குது?" என்றாள்.